கேட்கப்படாத வலி

மாதவிடாய் வலியால் துடிக்கும் மகளிடம் "எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதானே, பொறுத்துக்கொள்" என்று கூறாத வீடுகள் எம்மிடையே குறைவு. சுடுதண்ணீர்ப் போத்தலை வயிற்றில் அணைத்தபடி சுருண்டு படுக்கும் மாணவி, மறுநாள் பாடசாலைக்குக் 'காய்ச்சல்' என்று காரணம் எழுதிய கடிதத்துடன் செல்கிறாள். இந்த மௌனத்துக்கும் ஒரு வரலாறு உண்டு.

1873 இல் பொஸ்டன் நகர வைத்தியரான எட்வர்ட் கிளார்க் ஒரு நூலை வெளியிட்டார். பூப்பெய்தும் பருவத்தில் ஆண்களைப் போன்று இடைவிடாது கற்கும் பெண்களின் உடல்நலமும் தாய்மையும் கெடும், மாதவிடாய் நாட்களில் அவர்களுக்குப் படிப்பிலிருந்து ஓய்வு வேண்டும் என்பது அவரது வாதம். 'பெண்பிள்ளைகளுக்கு ஒரு நியாயமான வாய்ப்பு' என்பது நூலின் துணைத்தலைப்பு! பெண்களுக்கு உயர்கல்வியின் கதவுகள் மெல்லத் திறந்துகொண்டிருந்த காலம் அது. பெண்களின் வலி அக்கதவை மூடுவதற்கான நியாயமாக்கப்பட்டது.

இதற்குப் பதிலளித்தவர் நியூயோர்க்கில் பணியாற்றிய பெண் வைத்தியர் மேரி புட்னம் ஜேக்கபி. கிளார்க் தம்மிடம் வந்த ஒருசில நோயாளிகளின் கதைகளை ஆதாரமாகக் கொண்டார். ஜேக்கபியோ ஆயிரம் வினாக்கொத்துக்களை அனுப்பி, வலி, கல்வி, தொழில், உடற்பயிற்சி பற்றிப் பெண்களிடமே கேட்டார். 268 பேர் பதிலளித்தனர். அத்துடன் மாதம் முழுவதும் நாடித்துடிப்பையும் தசை வலிமையையும் அளந்தார். நல்ல உடல்நலமுள்ள பெண்களுக்கு மாதவிடாய் நாட்களில் கட்டாய ஓய்வு அவசியமில்லை என்பது அவரது முடிவு. எழுதியவரின் பெயர் மறைக்கப்பட்டுப் போட்டிக்குச் சென்ற அக்கட்டுரைக்கு, 1876 இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் பொய்ல்ஸ்டன் பரிசு கிடைத்தது. அதே பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி மாணவியரை அனுமதித்தது 1945 இலேயே.

ஆயினும் வலிக்கான காரணம் தெரியாதிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலும், அதனை மனம் சார்ந்த கோளாறாகவும் பெண்மையை ஏற்க மறுப்பதன் விளைவாகவும் விளக்கிய வைத்தியர்கள் இருந்தனர். முன்னர் வலியைக் காட்டிக் கல்வி மறுக்கப்பட்டது. பின்னர் வலியே மறுக்கப்பட்டது.

1957 இல் பிரித்தானியாவின் ஷெபீல்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வேர்னன் பிக்கிள்ஸ், மாதவிடாய்ப் போக்கில் தசையைச் சுருங்கச் செய்யும் பொருளொன்று இருப்பதை அறிவித்தார். அது புரொஸ்டாகிளாண்டின் வகையைச் சேர்ந்தது என்பது பின்னர் தெளிவாயிற்று. கருப்பையின் உட்சுவர் கழியும்போது வெளிப்படும் இப்பொருள், கருப்பையை இறுகச் செய்து, அதற்கான இரத்தவோட்டத்தைக் குறைத்து வலியைத் தோற்றுவிக்கிறது. அஸ்பிரின் போன்ற மருந்துகள் இப்பொருள் உருவாவதைத் தடுக்கின்றன என்பதை 1971 இல் ஜோன் வேன் நிறுவினார். 1982 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இபுபுரோபன், மெபனமிக் அமிலம் ஆகியவை இந்த வலிக்குப் பயன்படுவது இதனாலேயே. வலி முற்றுவதற்கு முன்பே எடுத்தால் அவற்றின் பயன் அதிகம். குடற்புண், ஆஸ்துமா உள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்டே எடுக்க வேண்டும். அம்மம்மாவின் சுடுதண்ணீர் ஒத்தடமும் வெறும் நம்பிக்கையன்று. வெப்பம் இவ்வலியைத் தணிப்பதை ஆய்வுகளும் காட்டியுள்ளன. ஆனால் இவற்றுக்கும் அடங்காது மாதந்தோறும் படிப்பையோ தொழிலையோ முடக்கும் வலி, எண்டோமெற்றியோசிஸ் போன்ற நோயின் அறிகுறியாக இருக்கலாம். அதனைப் "பொறுத்துக்கொள்" என்பது நோயை வளரவிடுவதாகும்.

ஜேக்கபி முதலில் செய்தது மருந்து கொடுப்பதன்று, கேட்பது. ஒன்றரை நூற்றாண்டு கடந்த பின்னரும், காய்ச்சல் என்று கடிதம் எழுதும் பிள்ளையிடம் "எங்கே வலிக்கிறது? எத்தனை நாளாக?" என்று கேட்பவர்கள் எமது வீடுகளில் எத்தனை பேர்?