கார்த்திகைப்பூ: வீட்டு வளவில் வளர்க்கும்போது தெரிந்திருக்க வேண்டியவை

நுவரெலியாவில் இருந்து ஆசையாக வாங்கிவந்த ஜெரேனியம் எங்கள் கிளிநொச்சி வளவில் ஒரு சோளகத்தைக்கூடத் தாண்டவில்லை. மலைநாட்டுக் குளிரில் செழிக்கும் செடி அது. வன்னி வெயிலில் இலை கருகி, தண்டு அழுகிப் போனது. அதே வளவின் கிளுவை வேலியில் யாரும் நடாமலே மாரிதோறும் கார்த்திகைப்பூ பூக்கிறது. பூந்தோட்டம் வைக்க விரும்புவோர் முதலில் வேலியைத்தான் பார்க்க வேண்டும்.

சங்க இலக்கியம் காந்தள் என்று சொல்லும் பூ இதுதான். தமிழ்நாட்டில் செங்காந்தள், கண்வலிக்கிழங்கு என்பார்கள். அங்கு அது மாநில மலர். சிங்களத்தில் நியங்கலா. கிழங்கு ஏர் போல வளைந்திருப்பதால் கலப்பைக்கிழங்கு என்றும் பெயருண்டு. தாவரவியற் பெயர் குளோரியோசா சுப்பர்பா.

கோடை முழுவதும் கிழங்கு மண்ணுக்குள் உறங்கும். மாரி மழை தொடங்கியதும் முளைத்து, நொவம்பர், டிசம்பரில் பூக்கும். இலை நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகிவிடுவதால் கிளுவை, பூவரசு என எந்தக் கதியாலிலும் தானே ஏறிக்கொள்ளும். பச்சை கலந்த மஞ்சளாக விரியும் ஆறு இதழ்களும் நாள் செல்லச் செல்ல முழுச் சிவப்பாகும்.

நடுவதற்குக் கிழங்குதான் நல்லது. விதையில் இருந்து பூ வர மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகலாம். மழைக்குச் சற்று முன் ஒரு சாண் அளவுக்குள் ஆழம் தோண்டி, மக்கிய எரு கலந்து, கிழங்கைக் கிடையாக வையுங்கள். நுனியில் உள்ள முளைக்குருத்து முறிந்தால் அந்தக் கிழங்கால் பயனில்லை. எடுக்கும்போதே கவனம் வேண்டும். முல்லைத்தீவுக் கரையோர மணல் இதற்குத் தோதானது. வயற்பக்கக் களிமண்ணில் தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும். அங்கே மேடு கட்டி நடுங்கள். இலையைத் தின்னும் கறுப்பு, வெள்ளை, சிவப்புப் புள்ளிப் புழுக்களைத் தடியால் தட்டி அகற்றினாலே போதும்.

கிழங்கு தேடிப் பற்றைக்காடுகளுக்குள் மண்வெட்டியோடு போக வேண்டாம். வன்னியில் கண்ணிவெடி அகற்றும் பணி இன்னும் முடியவில்லை. அயலில் யாராவது வளவில் வைத்திருந்தால் கேட்டு வாங்குங்கள்.

இனி மிக முக்கியமான விடயம். இந்தச் செடி முழுவதும் நஞ்சு. கிழங்கிலும் விதையிலும் கொல்சிசின் என்ற நச்சுப்பொருள் அதிகம். கவுட் எனப்படும் மூட்டு நோய்க்கு மருந்தாவதும் இதே பொருள்தான். தமிழ்நாட்டில் விதைக்காகவே தோட்டமாகப் பயிரிடுகிறார்கள். ஆனால் கிழங்கை வள்ளிக்கிழங்கென்று நினைத்து அவித்துத் தின்றவர்கள் இறந்திருக்கிறார்கள். அவித்தாலும் நஞ்சு போகாது. சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கும். பின்னர் உள்ளுறுப்புகள் பாதிக்கப்படும். பிழைத்தவர்களுக்குத் தலைமுடி உதிர்வதுண்டு. வழமையான சிகிச்சையில் இதற்கென்று தனி மாற்று மருந்து இல்லை. எனவே வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிராமல், அறிகுறி வரும்வரை காத்திராமல், உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். தின்றதில் மிச்சமிருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள். சிறுபிள்ளைகளும் ஆடுமாடும் நடமாடும் இடத்தில் இதை நடாதீர்கள். கிழங்கைத் தொட்டபின் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். அலரி விதையின் ஆபத்தை நன்கு அறிந்த நம் வீடுகளில்கூட, இந்தக் கிழங்கைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்பது குறைவு.

விடுதலைப் புலிகள் இதைத் தமிழீழத் தேசியப் பூவாக அறிவித்திருந்தனர். மாவீரர் நாளான நொவம்பர் 27 அதன் பூக்கும் காலத்திலேயே வருகிறது. 2024 மார்ச்சில் வடக்கில் பாடசாலையொன்றின் விளையாட்டுப் போட்டி அலங்காரத்தில் இந்தப் பூ இருந்ததற்காகப் பொலிஸார் விசாரணை நடத்தினார்கள். வேலியில் பூத்ததைப் படமெடுக்கவே சிலர் தயங்குவது இதனால்தான். போருக்கு முன்னரும் அது அதே வேலிகளில்தான் பூத்தது.

தை பிறந்தபின் கொடி மஞ்சளாகிக் காயும். செத்துவிட்டதென்று பிடுங்கிவிடாதீர்கள். பழைய கிழங்கு சுருங்கி, பக்கத்தில் புதிய கிழங்கு கவைபோல வளர்ந்திருக்கும். காய்ந்த கொடியை வெட்டிவிட்டு அந்த இடத்தில் ஒரு தடியை நட்டு வையுங்கள். இல்லாவிட்டால் ஆவணியில் மரக்கறிப் பாத்தி கொத்தும்போது மண்வெட்டி அதன் மேல்தான் விழும்.