சேகோ ஆலைக் கழிவுநீரும் கடல்மீன் குஞ்சுத் தீவனமும்: ஈஸ்ட்–நுண்பாசிக் கூட்டு குறித்து ஒரு மறுபார்வை

ஆத்தூர், ராசிபுரம் வட்டாரச் சேகோ ஆலைகளில் குச்சிக்கிழங்கை அரைத்துத் திப்பியை வடித்தெடுத்த பால், தொட்டிகளில் மணிக்கணக்கில் தெளிய வைக்கப்படுகிறது. மாவு படிந்ததும் மேலே நிற்கும் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். தேங்கினால் புளித்து நாற்றமெடுக்கும் அந்நீரில் படியாமல் தப்பிய மாவும் சர்க்கரையும் உண்டு. கிழங்கிலுள்ள லினமரின் உடைந்து வெளிப்படும் சயனைடும் உண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சேலத்தில் வேரூன்றி, 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவு அமைப்பைக் கண்ட இத்தொழிலின் தீராத தலைவலி இந்த நீர்தான். இதில் ஈஸ்டையும் நுண்பாசியையும் சேர்த்து வளர்த்து, கடல்மீன் பொரிப்பகங்களுக்குத் தீவனமாக அனுப்பினால் என்ன என்ற யோசனை எளிதில் எழும். இவை ஒன்றுக்கொன்று துணை என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தத் துணையின் பயன் தொட்டியில் அல்ல, தீவனத்தில்தான் முழுதாகக் கிடைக்கிறது என்பது என் வாதம்.

கூட்டு வளர்ப்புக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் வாயுப் பரிமாற்றம்: ஈஸ்ட் விடும் கரியமில வாயுவைப் பாசி எடுத்துக்கொள்ளும், பாசி விடும் ஆக்சிஜனை ஈஸ்ட் சுவாசிக்கும். பகலுக்கு மட்டுமே இது பொருந்தும். பொழுது சாய்ந்தபின் பாசியும் ஆக்சிஜனைத்தான் செலவிடுகிறது. சர்க்கரை தாராளமாக இருந்தால் ஈஸ்ட் சில மணி நேரத்தில் இரட்டிக்கும். பாசிக்குப் பெரும்பாலும் ஒரு நாளாவது வேண்டும். முந்திப் பெருகும் ஈஸ்ட் நீரைக் கலக்கி, பாசிக்குப் போகவேண்டிய வெளிச்சத்தை மறைத்துவிடும். கடல் நுண்பாசிக்கு உப்புநீர் வேண்டும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஆத்தூரில் கடலை உண்டாக்கும் செலவு யார் தலையில் விழும் என்று கேட்கத் தோன்றுகிறது.

பொரிப்பக அனுபவமோ வேறொரு துணையைக் காட்டுகிறது. மீன்குஞ்சின் முதல் இரையான ரோட்டிபரை ரொட்டி ஈஸ்டைக் கொண்டு மலிவாகப் பெருக்கலாம் என்பதை ஜப்பானியர் 1960-களிலேயே கண்டனர். ஆனால் ஈஸ்டை மட்டும் தின்ற ரோட்டிபரில் கடல்மீன் குஞ்சுக்கு இன்றியமையாத இ.பி.ஏ., டி.எச்.ஏ. கொழுப்பு அமிலங்கள் போதாமல், குஞ்சுகள் மடிந்தன. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 2010-இல் கடல்விரால் எனப்படும் கோபியாவைச் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்தது; அத்தகைய குஞ்சு வளர்ப்பில் நானோகுளோராப்சிஸ் பாசியால் பசுமையாக்கிய நீருக்கு முக்கிய இடமுண்டு. அப்பாசியில் இ.பி.ஏ. மிகுதி, டி.எச்.ஏ. சொற்பம்; அக்குறையை ஐசோகிரைசிஸ் போன்ற பாசியோ செறிவூட்டியோ நிரப்ப வேண்டும். ரோட்டிபரின் எண்ணிக்கையை ஈஸ்டும் அதன் தரத்தைப் பாசியும் கவனித்துக்கொள்ளும் இந்த வேலைப் பிரிவினைக்கு இரண்டும் ஒரே தொட்டியில் வளர்ந்திருக்க வேண்டியதில்லை. ஈஸ்டை உலர்த்தி மூட்டையாக நாமக்கல்லிலிருந்து லாரியில் ஏற்றிவிடலாம். பாசியைக் கடலோரத்திலேயே வளர்ப்பதுதான் முறை.

ரோடோடோருலா ஈஸ்டையும் குளோரெல்லா பாசியையும் சேர்த்து வளர்த்தபோது தனித்தனியே வளர்த்ததைவிட அதிக விளைச்சல் கிடைத்ததென்று தாய்லாந்து ஆய்வாளர்கள் 2011-இல் காட்டினார்களே என்று கேட்கலாம். அங்கே இலக்கு பயோடீசலுக்கான எண்ணெய். எந்த உயிரணு எவ்வளவு தந்தது என்பது எண்ணெய்க்குப் பொருட்டல்ல; நாள்தோறும் அளவிட்டுக் கொடுக்கவேண்டிய குஞ்சுத் தீவனத்துக்கு அதுவே பொருட்டு. ஈஸ்டைத் தனியே வளர்ப்பதிலும் ஒரு தடை உண்டு: ரொட்டி ஈஸ்டால் மாவுச்சத்தை உடைக்க முடியாது. இதற்கு ஸ்வீடனின் சிம்பா முறை விடை தருகிறது: உருளைக்கிழங்கு ஆலைக் கழிவில் ஒரு ஈஸ்ட் மாவை உடைக்க, மற்றொன்று அந்தச் சர்க்கரையில் பெருகியது. துணை தேடுவதானால் ஆலைத் தொட்டியில் ஈஸ்டுக்கு ஈஸ்டே துணை. நைட்ரஜன் குறைவான சேகோ ஆலை நீருக்கு அமோனியம் உப்பைச் சேர்த்தாக வேண்டும். நாமக்கல் கோழி எருவை நாடுவது கைக்கெட்டிய வழிதான், ஆனால் அதனோடு வரும் நோய்க்கிருமிகளைப் பொரிப்பகம் தாங்காது. சயனைடு நீங்கியதா என்பதை ஒவ்வொரு ஈடுக்கும் சோதிக்கவும் வேண்டும்.

வலுவான மறுப்பு வேறிடத்திலிருந்து வருகிறது. இதே கழிவுநீரிலிருந்து சாண எரிவாயு முறையில் எரிபொருள் எடுக்கும் ஆலைகள் ஏற்கெனவே உள்ளன. அதற்குக் காற்றூட்ட வேண்டாம். ஈஸ்டுக்கு இடைவிடாமல் காற்றூட்ட வேண்டும். எரிவாயுக் கலன் நன்றாக ஓடும் ஆலை அதை விட்டுவிட்டு ஈஸ்டுக்கு மாறவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். கலன் இல்லாத ஆலைகளிலும், ஈஸ்டின் விற்பனை விலை காற்றூட்டும், உலர்த்தும் செலவுகளைத் தாண்டினால் மட்டுமே இம்முயற்சிக்கு இடமுண்டு. அந்தக் கணக்கைப் போடாமல் பாசித் தொட்டிக்குப் பள்ளம் தோண்டுவது வீண் வேலை.