சிறிய நாடுகளின் குரல் உலக அரங்கில் எடுபடுவது எப்படி?

சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் நெடுஞ்சாலையில், திருவள்ளூரைத் தாண்டி, திருத்தணிக்கு முன்னால் வரும் ஊர் கனகம்மாசத்திரம். 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது திருத்தணி வட்டாரம் சித்தூர் மாவட்டத்தோடு அங்கே போய்விட்டது. ம.பொ.சி., மங்கலங்கிழார் போன்றோர் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தில் பலர் சிறை சென்றார்கள். பின்னர் நடுவராக வந்த எச்.வி. படாஸ்கர், கிராமத்தை அலகாக வைத்து, மக்கள் பேசும் மொழியையும் நிலத் தொடர்ச்சியையும் அளவுகோலாக்கினார். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழ்நாட்டுக்குத் திரும்பியது.

ஒரு சிறு வட்டாரத்தின் குறை, இரு தரப்பும் ஏற்கும் விதியாக மாறியபோதுதான் எல்லைக்கோடு நகர்ந்தது. உலக அரங்கில் சிறிய நாடுகள் செல்வாக்குப் பெறுவதும் பெரும்பாலும் இப்படித்தான்.

ஐ.நா. பொதுச்சபையில் பெரிய நாட்டுக்கும் ஒரே வாக்கு, சிறிய நாட்டுக்கும் ஒரே வாக்கு. ஆனால் பாதுகாப்பு அவையில் ஐந்து நாடுகளின் கையில் வீட்டோ இருக்கிறது. அதனால் சிறிய நாடுகள் வேறு வழிகளைத் தேடுகின்றன. இரண்டைப் பார்ப்போம்.

கூட்டணி: மாலத்தீவு

நமக்குப் பக்கத்துக் கடலில் இருக்கும் மாலத்தீவின் நிலப்பரப்பு சுமார் 300 சதுர கிலோமீட்டர்தான். கடல்மட்டம் உயர்ந்தால் நாடே மூழ்கும் என்று 1987இல் ஐ.நா.வில் முறையிட்டார் அதன் அதிபர் மஃமூன் அப்துல் கையூம். 1989இல் சிறிய நாடுகளை மாலேவுக்கு அழைத்து மாநாடு நடத்தினார். அடுத்த ஆண்டு சிறு தீவு நாடுகளின் கூட்டணி உருவானது. இன்று அதில் 39 நாடுகள் உள்ளன. புவி வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்த முயல வேண்டும் என்ற வாசகம் 2015 பாரிஸ் ஒப்பந்தத்தில் இடம்பெற்றதற்கு இக்கூட்டணியின் விடாப்பிடி ஒரு முக்கியக் காரணம்.

சட்டம்: காம்பியா

மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியா, தமிழ்நாட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத நாடு. மியான்மரோடு அதற்கு எல்லையும் இல்லை, பகையும் இல்லை. 2017 ஆகஸ்டுக்குப் பின் ஏழு லட்சத்துக்கும் அதிகமான ரோஹிங்கியா மக்கள் வங்கதேசத்துக்கு விரட்டப்பட்டனர். காம்பியாவின் நீதி அமைச்சர் அபூபக்கர் தம்பதூ காக்ஸ் பஜார் முகாம்களுக்கு நேரில் சென்றார். ருவாண்டா இனப்படுகொலை வழக்குகளில் பணியாற்றிய அனுபவம் அவருக்கு இருந்தது.

57 நாடுகளைக் கொண்ட இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் ஆதரவோடு, 2019 நவம்பர் 11 அன்று காம்பியா சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. மியான்மர் தரப்பில் வாதாட ஆங் சான் சூகியே ஹேக் நகருக்கு வர நேர்ந்தது. 2020 ஜனவரி 23 அன்று, எஞ்சியிருக்கும் ரோஹிங்கியா மக்களைக் காக்கவும் சாட்சியங்களை அழிக்காமல் வைக்கவும் நீதிமன்றம் ஒருமனதாக உத்தரவிட்டது.

பாதிக்கப்படாத காம்பியாவுக்கு வழக்குத் தொடுக்க உரிமை ஏது என்று மியான்மர் கேட்டது. 1948ஆம் ஆண்டின் இனப்படுகொலைத் தடுப்பு ஒப்பந்தத்தில் இணைந்த ஒவ்வொரு நாட்டுக்கும் அதைக் காக்கும் அக்கறை உண்டு என்று கூறி, 2022இல் அந்த ஆட்சேபத்தை நீதிமன்றம் தள்ளிவிட்டது. இனி எந்தச் சிறிய நாடும் இந்தக் கதவைத் தட்டலாம்.

எல்லைகளும் உண்டு

நீதிமன்றத்திடம் படை இல்லை. உத்தரவு வந்ததால் அகதிகள் ஊர் திரும்பிவிடவில்லை. 1.5 டிகிரி என்று எழுதியதால் கடல் ஏறுவதும் நின்றுவிடவில்லை. ஆயினும், உள்நாட்டு விவகாரம் என்று ஒதுக்கப்பட்ட ஒன்று உலக நீதிமன்றத்தின் பதிவேட்டில் ஏறிவிட்டது. இனி அதை இல்லையென்று எவரும் சொல்ல முடியாது.

எண்ணிக்கையில் சிறியவர்கள் கவனிக்க வேண்டியது இதுவே. ஆதாரங்களைத் திரட்ட வேண்டும். கோரிக்கையைச் சட்டத்தின் மொழியில் வைக்க வேண்டும். ஒத்த நிலையில் உள்ளவர்களோடு கைகோக்க வேண்டும். ஆண்டுகள் ஆனாலும் விடக்கூடாது. திருத்தணிக்கே ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆயின.