பங்கு ஏடுகளில் நம் முன்னோர்

பாட்டனாரின் பெயரை நாம் எல்லோரும் அறிவோம். அவருடைய தந்தையின் பெயரை அறிந்தோர் சிலர். அவரைப் பெற்றெடுத்த தாயின் பெயரைச் சொல்லக்கூடியவர் நம்மில் எத்தனை பேர்? மூன்று தலைமுறைக்குள் ஒரு பெண்ணின் பெயர் அவள் குடும்பத்திலேயே மறைந்துவிடுகிறது. அதை மீட்க விரும்புவோருக்குக் கத்தோலிக்கரிடம் ஓர் அரிய கருவூலம் உண்டு. அதுவே பங்கு ஏடு.

திருமணங்களைப் பங்குக்குருக்கள் ஏட்டில் பதிய வேண்டும் என 1563இல் திரிதெந்தீன் பொதுச்சங்கம் விதித்தது. திருமுழுக்கு, உறுதிபூசுதல், திருமணம், இறப்பு ஆகியவற்றுக்கும் பங்கிலுள்ள குடும்பங்களுக்கும் தனித்தனி ஏடுகள் வேண்டும் என்றது 1614இல் வெளிவந்த உரோமைச் சடங்குநூல். நம் நாட்டில் பிறப்பு, இறப்புப் பதிவை நாடெங்கும் ஒரே சட்டத்தின்கீழ்க் கொண்டுவந்தது 1969ஆம் ஆண்டில்தான். எனவே அதற்கு முற்பட்ட பலருக்குக் கோவில் ஏடே முதன்மைச் சான்றாகிறது.

ஆயினும் தேடல் கோவிலில் அன்று, வீட்டில் தொடங்க வேண்டும். முதலில் உங்கள் பெயர், பெற்றோர் பெயர், நாள், ஊர் ஆகியவற்றை எழுதுங்கள். பிறகு வீட்டு முதியோரை அணுகுங்கள். ஆண்டு எது என்று கேட்டால் அவர்கள் திகைப்பர். எந்தக் கோவிலில் ஞானஸ்நானம், ஞானத்தாய் யார், எந்த ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தார் என்று கேட்டால் நினைவு ஊற்றெடுக்கும். பழைய செபப்புத்தகத்தின் முதற்பக்கம், கல்லறைக் கல், நிலப்பத்திரம் ஆகியவையும் பேசும்.

அதன்பின் பங்குத்தந்தையின் இசைவோடு ஏட்டை நாடலாம். அறிந்ததிலிருந்து அறியாததற்குப் பின்னோக்கிச் செல்வதே முறை. திருமணப் பதிவு பெற்றோரைக் காட்டும். அப்பெயர்களைக் கொண்டு அவர்தம் திருமுழுக்கைத் தேடலாம். ஒருவருடைய உறுதிபூசுதலும் திருமணமும் அவரது திருமுழுக்குப் பதிவிலேயே குறிக்கப்பட வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். ஆதலால் பிற ஊரில் மணமுடித்துச் சென்றவரின் தடமும் அங்கே கிடைக்கக்கூடும். ஞானப்பெற்றோர் பலவேளை உறவினரே என்பதால், அப்பெயர்களையும் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு செய்திகளில் விழிப்பு வேண்டும். இன்று தனிப் பங்காக உள்ள ஊர் அன்று வேறொரு பங்கின் கிளையாக இருந்திருக்கலாம். அப்படியாயின் ஏடு தாய்ப்பங்கில் இருக்கும். இலத்தீனில் எழுதிய குரு இராயப்பனைப் பேதுருஸ் என்றும், சின்னப்பனைப் பவுலுஸ் என்றும், சூசையை யோசேப்புஸ் என்றும் எழுதியிருப்பார். வீட்டுப்பெயரை மட்டும் தேடுவோர் ஏமாறுவர்.

தேடுவோருக்குப் பெருமை மட்டுமே கிடைக்கும் என்பதற்கில்லை. பிறந்து சில நாளில் இறந்த குழந்தைகள், இளவயதுக் கைம்பெண்கள், 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்தில் மாண்டோர் எனத் துயரங்களும் எதிர்ப்படலாம். அவற்றை மறைக்க வேண்டியதில்லை. மத்தேயு எழுதிய மூதாதையர் பட்டியல் தாமாரையும் இராகாபையும் மறைக்கவில்லையே! குலப்பெருமை பேசுவதற்காக ஏட்டைத் திறப்பவர் அதன் பொருளைத் தவறவிடுவார். ஆண்டையும் அடிமையும் அங்கே ஒரே நீரால் பிறந்தவர்கள்.

ஏட்டைக் கரையான் அரிக்கும். முதியோரின் நினைவை மூப்பு அரிக்கும். ஏடு இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்கலாம். திண்ணையில் அமர்ந்திருக்கும் பாட்டியால் அவ்வளவு காலம் காத்திருக்க இயலாது. முதல் கேள்வியை இன்று மாலையே அவரிடம் கேளுங்கள்.