மண்டபம் முகாம்: யாருடைய பாதுகாப்பு?

மானிடப் பாதுகாப்பு, மனிதநேய உதவிப்பணி ஆகியவை இன்று உலகின் பல பல்கலைக்கழகங்களில் முதுநிலைப் பாடங்களாகக் கற்பிக்கப்படுகின்றன. போரினாலும் பஞ்சத்தினாலும் இடம்பெயரும் மக்களுக்குத் துணைநிற்போர் நல்ல உள்ளத்தோடு முறையான பயிற்சியும் பெற்றிருத்தல் வேண்டும் என்னும் எண்ணமே இதற்கு அடிப்படை. இப்பாடத்தின் தலையாய கருத்தை 1994ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் வெளியிட்ட மனித வளர்ச்சி அறிக்கை உலகின்முன் வைத்தது. அதுகாறும் பாதுகாப்பு என்பது பெரும்பாலும் நாட்டின் எல்லையைக் காத்தல் என்றே பொருள் கொள்ளப்பட்டது. எல்லைக்குள் வாழும் மனிதரே காக்கப்பட வேண்டியவர் என்று கூறிய அவ்வறிக்கை, பொருளியல், உணவு, உடல்நலம், சுற்றுச்சூழல், தனிமனிதர், சமுதாயம், அரசியல் என ஏழு துறைகளில் அப்பாதுகாப்பை வகுத்துக் காட்டியது. சுருங்கக் கூறின், "யாருடைய பாதுகாப்பு?" என்னும் வினாவே இப்பாடத்தின் உயிர்நாடி எனலாம்.

இவ்வினாவை ஆராய நாம் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. இராமநாதபுரம் மாவட்டத்தில், பாம்பன் பாலத்திற்கு இப்பால் மண்டபம் முகாம் இருக்கிறது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலமாக இம்முகாமின் வாயில் வழியே மூன்று வகை மக்கள் கடந்து சென்றுள்ளனர். அவர்கள் வரலாற்றை ஒருங்கே வைத்து நோக்குவது நமக்குப் பயன் தரும்.

1. தோட்டங்களுக்குச் சென்றோர்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழகத்திலிருந்து தொழிலாளர் பெருந்திரளாகச் சென்றனர். இராமநாதபுரக் கடற்கரையினின்று தோணியேறி, மன்னாரில் இறங்கி, காட்டுவழியே கால்நடையாய் மலைநாடு சென்றோர் பலர். வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் வழியிலேயே உயிரிழந்தோர் எண்ணற்றோர். 1914ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் தனுஷ்கோடி வரை இரயிலும், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலுமாகப் பயணம் எளிதாயிற்று. இதன் பின்னர் மண்டபம் முகாம் தொழிலாளரின் முதன்மைத் தங்குமிடமாயிற்று.

இந்திய மண்ணில் அமைந்திருந்தும் அது இலங்கை அரசின் நிருவாகத்தில் இருந்தது. கங்காணி அழைத்துவந்த குடும்பங்கள் அங்குப் பதிவு செய்யப்பட்டன, அம்மை குத்தப்பட்டது, சில நாள் தங்கவைத்து நோயில்லை என உறுதிசெய்த பின்னரே கப்பலேற்றினர். உணவும் மருந்தும் அவர்களுக்குக் கிடைத்தன என்பதை மறுத்தல் முறையன்று. முன்னைய காட்டுவழி மரணங்களோடு ஒப்பிடின் இது முன்னேற்றமே. ஆயினும் அவ்வேற்பாடு எவரைக் காக்க எழுந்தது? கொள்ளைநோய் தீவினுள் நுழையாதிருக்கவும், தோட்டத்திற்கு உழைக்கும் கை குறையாதிருக்கவுமே அன்றோ! தொழிலாளர் எந்தத் தோட்டத்திற்கு உரியவர் என்பதைத் தகரத் துண்டில் பொறித்த எண் காட்டிற்று. பயணச் செலவு அவர் தலைமேல் கடனாக ஏறிற்று. 1939ஆம் ஆண்டில் இந்திய அரசு தடை விதிக்கும்வரை இப்பயணம் தொடர்ந்தது.

2. திரும்பி வந்தோர்

இலங்கை விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால்பகதூர் சாஸ்திரியும் ஓர் உடன்படிக்கை செய்தனர். 9,75,000 மக்களில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேர் 1974ஆம் ஆண்டு உடன்படிக்கையில் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். பங்கிடப்பட்ட மக்களின் விருப்பம் என்னவென்பதற்கு இக்கணக்கில் இடமிருக்கவில்லை.

முதல் உடன்படிக்கை கையொப்பமாகி இரண்டு திங்கள் நிறைவுறுமுன், டிசம்பர் 22ஆம் நாள் இரவு எழுந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. பயணிகளுடன் வந்த இரயிலொன்றும் கடலுக்கு இரையாயிற்று. ஆகவே தாயகம் திரும்பியோர் என்று அழைக்கப்பட்டவர் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரம் வந்திறங்கி மண்டபம் சேர்ந்தனர். இவர்களுள் பலர் இலங்கையிலேயே பிறந்தவர். 'தாயகத்தை' அன்றுதான் முதன்முதலாகக் கண்டனர். குடும்ப அட்டை, தொழிற்கடன், நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்ட வேலை முதலிய திட்டங்கள் இருந்தன. அவற்றால் வாழ்வு பெற்றோரும் உளர். அவை எட்டாமல் மலைப்பகுதிகளில் கொத்தடிமைகளாய்ச் சிக்கியோரும் உளர்.

3. அடைக்கலம் தேடியோர்

1983 ஜூலைக் கலவரத்தின் பின் மூன்றாம் வகையினர் வந்தனர். 1990ஆம் ஆண்டிலும், 1990களின் நடுவிலும், 2006ஆம் ஆண்டிலும் போர் மூண்டெழுந்த போதெல்லாம் படகுகள் இக்கரை நாடின. கடற்படைக்கு அஞ்சிய படகோட்டிகள் மணல் திட்டுகளில் இறக்கிவிட, மக்கள் குடிநீரின்றிக் காத்திருந்ததும் உண்டு. மண்டபத்தில் பதிவு பெற்றோர் தமிழகமெங்கும் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர்.

1992ஆம் ஆண்டு ஜனவரியில் அவர்களைத் திருப்பியனுப்பும் பணி தொடங்கியது. ஒப்புதல் படிவங்களில் பலர் தமக்கு விளங்காத மொழியில் கையொப்பமிட்டனர் என்னும் குற்றச்சாட்டு அப்போது எழுந்தது. அவ்வாண்டிலேயே அகதிகளுக்கான ஐக்கிய நாடுகள் உயர் ஆணையம் சென்னையில் அலுவலகம் அமைத்து, திரும்புவோர் மனமுவந்து செல்கின்றனரா என்பதைக் கேட்டறியும் பொறுப்பை ஏற்றது. ஒருவரைத் தனியே அழைத்து, அவர்தம் மொழியில், "நீர் போக விரும்புகிறீரா?" என்று கேட்டல் சிறு செயலாகத் தோன்றலாம். இம்முகாமின் வரலாற்றில் அது பெரிய மாற்றமாகும்.

2022ஆம் ஆண்டில் இலங்கையின் பொருளாதார நெருக்கடியால் மீண்டும் மக்கள் வந்தனர். இம்முறை அவர்களை விரட்டியது துப்பாக்கியன்று. அரிசி விலையும் பால்மாத் தட்டுப்பாடும். முதலில் வந்தோருள் சிலர்மீது சட்டவிரோதமாக நுழைந்ததாக வழக்குத் தொடுக்கப்பட்டது. பின்னரே முகாமில் இடம் கிடைத்தது. அச்சத்தினின்று விடுதலையும் வறுமையினின்று விடுதலையும் பிரிக்கவொண்ணாதவை என்னும் பாடத்தை இதனினும் தெளிவாக உணர்த்தும் எடுத்துக்காட்டு அரிது.

இந்தியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் சேரவில்லை. ஆதலின் இம்மக்கள் பல்லாண்டுகள் 1946ஆம் ஆண்டின் அயல்நாட்டார் சட்டத்தின் கீழேயே கருதப்பட்டனர். 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இடம்பெறவில்லை. 2025ஆம் ஆண்டில், 2015 ஜனவரி 9ஆம் நாள்வரை வந்து பதிவு பெற்ற இலங்கைத் தமிழருக்குப் புதிய சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்களிக்கப்பட்டது. விலக்கு ஆறுதலே, ஆயினும் அது குடியுரிமை ஆகாது.

4. நம் கடமை

யோசுவாவின் 20ஆம் அதிகாரத்தில் அடைக்கலப் பட்டணங்களைப் பற்றி வாசிக்கிறோம். ஓடிவந்தவன் நகரவாயிலில் நின்று தன் நிலையை எடுத்துரைக்கிறான், மூப்பர் கேட்கின்றனர், கேட்டபின் இடமளிக்கின்றனர். மண்டபத்தின் வாயிலிலோ முதலில் நோய் சோதிக்கப்பட்டது. அடுத்து எண்ணிக்கை சரிபார்க்கப்பட்டது. வந்தவரின் சொல் கேட்கப்பட நெடுங்காலம் ஆயிற்று. உதவிப்பணியில் பயிற்சி பெறும் நம் மாணவர் முதலில் கற்க வேண்டியது இவ்வாறு கேட்டலே ஆகும். உணவுப் பொட்டலத்தைப் பகிர்ந்தளிக்க எவரும் விரைவில் கற்றுக்கொள்வர்.

இன்னொன்றும் உண்டு. முகாம்களில் வாழ்வோருள் கணிசமானோர் மலையக வழிவந்தவர். அதாவது, முன்பு தோட்டத்திற்குச் சென்றோரின் பேரப்பிள்ளைகள். 2019ஆம் ஆண்டு ஜூன் திங்களில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இத்தகையோர் சிலர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாமென்றும் அரசு அதனைப் பரிசீலிக்க வேண்டுமென்றும் தீர்ப்பளித்தது. அவ்வாறு விண்ணப்பிப்போர் தம் முன்னோரின் ஊரையும் பெயரையும் மெய்ப்பிக்க வேண்டியுள்ளது. போரில் வீட்டோடு சான்றுகளையும் இழந்தோர் எங்கே போவர்?

நம் சபைகளின் பழைய திருமுழுக்குப் பதிவேடுகளிலும் திருமணப் பதிவேடுகளிலும் அவர்தம் முன்னோர் சிலரின் பெயர்கள் இருக்கக்கூடும். அலமாரியில் செல்லரிக்கும் அவ்வேடுகளை எடுத்துத் தூசி தட்டிப் படியெடுத்து வைப்பதும், கேட்டு வருவோர்க்கு முகஞ்சுளியாது தேடிக் கொடுப்பதும் ஆயரின் அன்றாடப் பணியில் அடங்கியவை. அவற்றிலுள்ள ஒரு வரி ஒரு குடும்பத்திற்கு நாடொன்றைப் பெற்றுத்தர உதவலாம். அதனை அழியாமல் காப்பதும் மானிடப் பாதுகாப்பே ஆகும்.