கன்ட்ரோலர் யாருடைய கைக்கு?

ஒரு கேம் கன்ட்ரோலரை மனசுல நினைச்சுக்குங்க. அதைப் பிடிக்க ரெண்டு கை வேணும், வேகமா ஓட ரெண்டு கட்டைவிரல் வேணும். ஆடுற எல்லாருக்கும் இது இருக்கும்னு நம்பித்தான் அதைச் செஞ்சிருக்காங்க. இல்லாதவங்க என்ன செஞ்சாங்க? அந்த வரலாறுதான் இன்னைக்கு.

1989. நிண்டெண்டோ ‘ஹேண்ட்ஸ் ஃப்ரீ’ என்ற கன்ட்ரோலரைக் கொண்டுவந்தது. அதை நெஞ்சில் மாட்டிக்கொள்ள வேண்டும். ஜாய்ஸ்டிக்கைத் தாடையாலோ நாக்காலோ அசைக்கலாம். பட்டனுக்குப் பதிலாக ஒரு குழாய். உறிஞ்சினால் ஒரு பட்டன், ஊதினால் இன்னொரு பட்டன். பிரமாதமான யோசனை! ஆனா கடையில கிடைக்காது. நிண்டெண்டோவுக்கே போன் போட்டு வாங்கணும்.

நார்வேயைச் சேர்ந்த மாட்ஸ் ஸ்டீன் பிறந்ததும் அதே 1989இல்தான். அவருக்கு டுஷென் தசைச்சிதைவு நோய். தசைகள் வருஷத்துக்கு வருஷம் பலம் இழந்துகொண்டே போகும். வீல்சேரில் இருந்தபடி, விரல்களில் மிச்சமிருந்த அசைவை வைத்து ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ ஆடினார். அங்கே அவர் பெயர் இபெலின். பையன் இப்படித் தனியாவே கிடக்கிறானேன்னு அப்பா அம்மாவுக்குக் கவலை.

2014 நவம்பரில், 25 வயதில், மாட்ஸ் இறந்துபோனார். அவருடைய வலைப்பதிவில் குடும்பத்தினர் செய்தியைப் போட்டார்கள். பல நாடுகளிலிருந்து மின்னஞ்சல்கள் வந்து குவிந்தன. மகனுக்கு இத்தனை நண்பர்கள் இருந்தது வீட்டுக்கு அப்பதான் தெரிஞ்சுது. சிலர் இறுதிச்சடங்குக்கே நேரில் வந்தார்கள்.

மாட்ஸ் வாழ்ந்த அந்த 25 வருஷத்துல மத்தவங்க கதை என்ன? பலருக்குக் கைகொடுத்தது தன்னார்வ அமைப்புகள்தான். அமெரிக்காவில் ஏபிள்கேமர்ஸ், பிரிட்டனில் ஸ்பெஷல்எஃபெக்ட். அமெரிக்காவின் வார்ஃபைட்டர் என்கேஜ்டு, காயம்பட்ட ராணுவ வீரர்களுக்காகக் கன்ட்ரோலரைப் பிரித்து, அவரவர் உடம்புக்கு ஏற்ப மாற்றிக் கொடுத்தது. அப்படி மாற்றிய ஒன்றின் படத்தை 2014இல் மைக்ரோசாஃப்ட் இன்ஜினியர் ஒருவர் ட்விட்டரில் பார்த்தார். அந்தப் பொறிதான் 2018 செப்டம்பரில் எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலராக விற்பனைக்கு வந்தது.

மேலே ரெண்டு பெரிய பட்டன். பின்பக்கம் வரிசையாக 19 ஜாக். காலால் மிதிக்கும் பெடலோ, கன்னத்தால் தட்டும் பட்டனோ, எது வசதியோ அதைச் செருகிக்கலாம். அது வரும் பெட்டியைக்கூடப் பல்லால் கடிச்சுத் திறக்க வேண்டாதபடி வளையங்கள் வைத்து வடிவமைத்தார்கள்.

நடுவுல 29 வருஷம். வாயாலேயே ஆட முடியும்னு 1989லயே காட்டியாச்சு. ஆனா இவங்களும் நம்ம வாடிக்கையாளர்தான்னு பெரிய கம்பெனிகள் நினைக்க இவ்வளவு காலம் ஆச்சுங்கறதுதான் எனக்கு உறுத்துது. இப்பவும் முழுசா சரியாயிடல. 2018ல வந்தப்ப கன்ட்ரோலர் 100 டாலர்னா, அதுல மாட்டுற பட்டன், பெடலுக்கெல்லாம் தனிக் காசு.

உங்க வீட்டுலயும் யாராவது ரூமை விட்டு வெளிய வராம கேம் ஆடிட்டு இருக்கலாம். திட்டுறதுக்கு முன்னாடி, கூட யார் யார் ஆடுறாங்கன்னு ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க.