உபரி யாருக்கு? இந்திய விமான நிலையங்களின் பொருளாதாரம்

இந்திய விமான நிலையங்களின் பொருளாதார வரலாறு, சில நிலையங்களின் உபரி பல நிலையங்களின் நட்டத்தைத் தாங்கிய வரலாறு. 1972இல் அமைந்த பன்னாட்டு விமான நிலைய ஆணையம் தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கையும் பொறுப்பேற்றது. உள்நாட்டு நிலையங்களுக்கென 1986இல் தனி ஆணையம் உருவானது. 1995 ஏப்ரல் 1 அன்று இரண்டும் இணைந்து இந்திய விமான நிலைய ஆணையமாயின. பெருநகரத்தில் ஈட்டியதைச் சிறுநகர ஓடுதளத்தின் பராமரிப்புக்குச் செலவிடுவது ஒரே கணக்கேட்டின் செயலாயிற்று.

2006இல் தில்லியும் மும்பையும் தனியார் கூட்டமைப்புகளின் கைக்கு மாறியபோதும் இப்பிணைப்பு அறுந்துவிடவில்லை. மொத்த வருவாயில் தில்லி 45.99 விழுக்காட்டையும் மும்பை 38.7 விழுக்காட்டையும் ஆணையத்துக்கு அளிக்க ஒப்பந்தம் வகைசெய்தது. 2019இல் திருவனந்தபுரம், அகமதாபாத் உள்ளிட்ட ஆறு நிலையங்களுக்கான ஏலத்திலோ அளவுகோல் மாறியது: வருவாயில் பங்கு என்பது போய், பயணி ஒருவருக்கு இவ்வளவு தொகை என்றானது. ஆறையும் அதானி குழுமமே வென்றது. இம்முறையில் கடை வாடகையும் வாகன நிறுத்தக் கட்டணமும் எவ்வளவு பெருகினும் அப்பெருக்கத்தில் ஆணையத்துக்குப் பங்கில்லை.

மறுபுறம், 2017இல் பறக்கத் தொடங்கிய உடான் திட்டம் பழைய தர்க்கத்தையே வேறு வடிவில் மீட்டது. முதன்மை வழித்தடங்களில் விதிக்கப்படும் தீர்வை, சிறுநகரச் சேவைகளின் நட்டத்தை ஈடுசெய்கிறது. ஆனால் அது பறக்கும் சேவைக்கான உதவி. நிலையத்தின் அன்றாடச் செலவு ஆணையத்தின் தோளில்தான். வருவாய் மிகுந்த நிலையங்கள் ஒவ்வொன்றாக விலகுகையில், எஞ்சியவற்றின் எதிர்காலத்தைப் பயணியர் பெருக்கம் மட்டும் தீர்மானிக்காது. அடுத்த குத்தகையில் எழுதப்படும் பங்கீட்டு விதியே தீர்மானிக்கும்.